வேர் நீளமாக இருந்தது

அவள் வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். இடது கை அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்திருந்தது. இருவரின் கால்களிலும் முழங்கால் வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது.

பள்ளி வராந்தாவில் மேசை போட்டு, சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்து நான் உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்றே கால். பேருந்து ஓடாத நான்காம் நாள் அது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாலையிலும், கீழே கச்சிராயபாளையம் சாலையிலும் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். இன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் பென்சில்களைச் சீவி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இவர்கள் வந்து நின்றார்கள். முந்தின நாள் விடியலில் மலையில் கிளம்பி, வழியில் ஒரு மாட்டுக் கொட்டகையில் தங்கி, நடந்தே வந்திருந்தார்கள்.

வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். கீழ்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் சேர்ந்துவிட்டாளே என்ற மகிழ்ச்சி அல்ல. என் கணக்குச் சரியாக வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி.

"பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே ஆச்சு" என்றேன் அவள் அப்பாவிடம்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க டீச்சர்" என்றார்.

அப்போதுதான் அவள் மூடிய கையைத் திறந்தாள். உள்ளே மடித்த தேக்கிலை. இலைக்குள் இரண்டு பற்கள்.

எங்கள் பக்கம் விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது வழக்கம். கூரையில் எறியவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். நீங்க நம்பணும்ல. அதுக்குத்தான் எடுத்துக்கினு வந்தேன்."

அன்றைய நாட்குறிப்பு இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. கறுப்பு மை, ஒரு அடித்தல்கூட இல்லை. "மறியல் நான்காம் நாள். அலமேலு, த/பெ வெள்ளையன், சேர்க்கப்பட்டாள். கீழ் முன்பற்கள் இரண்டும் விழுந்துள்ளன. ஈறு சற்றுப் புண். பற்களைக் கொண்டுவந்து காட்டினாள். வேர் நீளமாக இருந்தது."

காதைத் தொடும் கை

இந்தத் தொடரில் தேதிகளை ஏன் போடுவதில்லை என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் எல்லாத் தேதியும் இருக்கிறது. ஆனால் தேதியைப் போட்டால் பள்ளி எது, உடன் இருந்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அவர்கள் மேல் பிழை ஏதும் இல்லை. ஆகவே மலையடிவாரத்தில் ஒரு பள்ளி, அதையொட்டி மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அது முதல் வேலை. வயது இருபத்திரண்டுக்குள்.

மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான காகிதம் எதுவும் இருக்காது. தலைமையாசிரியர் பழைய முறையில் வயது பார்ப்பார். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால், "எட்டிச்சா? உள்ள போ" என்பார். எட்டாவிட்டால் அடுத்த வருஷம். பிறந்த தேதியை ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளாகப் போடுவார். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நான் எதையும் அளந்து செய்கிறவள். என் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்: "இவ கொழம்புக்கு உப்பு போடணும்னாகூட ஸ்கேல் வெச்சுப் பாப்பா."

நான் சேர்வதற்கு முந்தின வருஷம் விடுதியில் மிகச் சின்னப் பையன் ஒருவன் அம்மாவைத் தேடிச் சாயங்காலம் ஓடிப்போயிருக்கிறான். மறுநாள் காலையில் அணைக்கரையில் குளிரில் சுருண்டு கிடந்தவனைத் தூக்கி வந்தார்களாம். அதிலிருந்து ஆறு வயது முடியாத பிள்ளையை விடுதியில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். காதைத் தொடும் கை ஐந்தையும் ஆறையும் பிரித்துச் சொல்லாது. ஆனால் பல் சொல்லும் என்றேன்.

ஆசிரியர் பயிற்சியில் சுகாதாரப் பாடம் உண்டு. அதில் எழுதிக்கொண்ட ஒரு வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்: ஆறு வயதில் கீழ்வரிசையின் நடுப் பால்பற்கள் இரண்டும் விழுந்து, அங்கே நிலைப்பற்கள் முளைக்கும். அதைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "செய்யுங்க டீச்சர், எனக்கும் ஒரு வேல கம்மி" என்றார்.

ஒரு நோட்டில் கோடு போட்டேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், கீழ்ப்பல், முடிவு என்று ஐந்து கட்டங்கள். துவைத்த கைக்குட்டையைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு பிள்ளையின் கீழுதட்டை இழுத்துப் பார்ப்பேன். விழுந்திருந்தால் சரி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி. ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. மலையில் எனக்குப் பல்லு டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் எனக்குப் பெருமைதான்.

மாமா கடித்த கரும்பு

பல்லைப் பற்றிய பயம் எங்கள் வீட்டிலும் உண்டு. என் தம்பி முருகேசனுக்குக் குழந்தையில் மேல்பல் முதலில் முளைத்துவிட்டது. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். செய்தி கேட்ட எங்கள் மாமா ஆறு மாதம் எங்கள் ஊரான தியாகதுருகத்துப் பக்கமே வரவில்லை. காது குத்தும் சடங்கைக்கூட அவர் இல்லாமல்தான் செய்தோம். அந்த மாமா எழுபது தாண்டியும் பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்றார்.

இதைச் சொல்லி நான் அம்மாவைக் கேலி செய்வேன். நான் புத்தகத்தை நம்புகிறவள் என்று எனக்கு நினைப்பு.

மேலே பஸ் வந்த வருஷம்

அலமேலு முதல்முறை வந்தது மறியலுக்கு இரண்டு வருஷம் முன்னால். வெள்ளையன் மலையில் சாமையும் தினையும் விதைக்கிறவர். கடுக்காய் மூட்டையைக் கீழே விற்றுவிட்டு அப்படியே மகளைக் கூட்டி வந்திருந்தார். வயது கேட்டேன்.

"ஏழு ஆவுதுங்க. மேல மொத மொத பஸ்ஸு வந்துச்சுல்ல, அந்த வருசம் பொறந்தது. ஊரே பஸ்ஸு பாக்க ஓடிப்போச்சு. இவ அம்மா வலி வந்து வூட்ல கெடந்தா, தொணைக்கு ஒரு ஆளு இல்ல."

பஸ் வந்த வருஷம் என்று பதிவேட்டில் எழுத இடமில்லை என்றேன்.

அவள் பார்ப்பதற்கு ஐந்து வயதுப் பிள்ளை போல இருந்தாள். மலைப் பிள்ளைகளில் பலர் வயதுக்குச் சிறுத்துத்தான் இருப்பார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, காதைத் தொடச் சொன்னார். அவள் விரல் காதைத் தாண்டிக் கன்னத்துக்கே போனது. சேர்த்துக்கொள்ளலாமே என்றார் அவர்.

"மலைப் பிள்ளைங்களுக்குக் கை நீளம் சார்" என்றேன்.

அங்கே நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கை நீளம் என்றால் எங்கள் பேச்சில் திருட்டுக் கை என்றும் பொருள். நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு எதற்கென்று புரிந்த பிறகும் திருத்தவில்லை. வெள்ளையனும் கொஞ்சம் சிரித்தார். புரியாதவர் போல.

கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். முன்பற்கள் இரண்டும் சாமை அரிசி போலச் சின்னதாக, இறுக்கமாக இருந்தன. ஆட்டமே இல்லை. பெருக்கல் குறி போட்டேன்.

அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்றாள். அவள் ஊரில் ஒரு பையன் விடுதியில் படித்து, லீவுக்கு வந்தபோது அதைப் படித்துக் காட்டினானாம்.

"மொதல்ல அந்த ரெண்டு பல்லும் வுழட்டும்" என்றேன்.

நாக்கு நுனியால் பற்களைத் தொட்டுப் பார்த்தாள். "வுழுந்தா சேத்துக்குவீங்களா?"

"வுழுந்த அன்னிக்கே வா" என்றேன்.

அடுத்த வருஷம் வந்தாள். நாலு விரல் வளர்ந்திருந்தாள். பற்கள் அப்படியே இருந்தன. எனக்கு வெள்ளையன் மேல் சந்தேகம் வந்தது. விடுதியில் மூன்று வேளை சோறு உண்டு. அதற்காக வயதைக் கூட்டிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அதை மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

"வூட்ல ஒரு வாயி கொறையும்னு சின்னப் புள்ளைய கொண்டாந்து தள்ளாதீங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சாமை இருக்குதுங்க டீச்சர். பலா இருக்குது. சோத்துக்கு இல்லீங்க. படிக்கணும்னு அழுவுது."

மலைக்குப் பஸ் எந்த வருஷம் விட்டார்கள் என்று கண்டக்டரைக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று தலைமையாசிரியர் சொன்னார். பஸ் நிற்கும் இடம் பள்ளியிலிருந்து எண்ணூறு அடி. நான் போகவில்லை. வெகுகாலம் கழித்து ஒரு வயதான கண்டக்டரிடம் கேட்டேன். வெள்ளையன் சொன்னது சரிதான், ஒரு வருஷம்கூடப் பிசகவில்லை.

மூன்றாம் வருஷம் அவர்கள் நடந்து வந்ததைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். அவளுக்கு வயது ஆறு என்று கணக்கிட்டுப் பிறந்த தேதியைப் பதிவு செய்தேன். ஜூனைத் தவிர்த்தேன். என் கணக்கு துல்லியமானது என்று காட்ட, செப்டம்பரில் ஒரு தேதி போட்டேன்.

தம்பியின் உள்ளங்கை

மரங்களை அகற்றிப் பஸ் விட்டதும், சனிக்கிழமை தியாகதுருகம் போனேன். வழியெல்லாம் வெட்டுண்ட புளிய மரங்களின் அடிக்கட்டைகள். வாடிய இலையின் புளிப்பு வாடை பஸ்ஸுக்குள் வந்தது.

வீட்டில் முருகேசன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். ரம்பம் இழுத்த கை. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்பா அவனிடம் பேச்சை நிறுத்தியிருந்தார். நிழல் தந்த மரம் உனக்கு என்னடா செய்தது என்று நான் கேட்டேன்.

"மூணு வருசமா வேலைக்குன்னு அதே ஆபீசு, அதே சன்னலு. அடுத்த வருசம் வா, அடுத்த வருசம் வான்னே சொல்லிக்கினு இருந்தானுங்க. மூணு வருசம் ஒருத்தன அலைய வுட்டா அவன் இன்னாக்கா பண்ணுவான்?"

அப்பா என்னிடம் அவனைத் திட்டியபோது அவன் பக்கம் பேசினேன். அன்றைய நாட்குறிப்பில் அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். நியாயமான கேள்வி என்றும் பக்கத்தில் குறித்தேன்.

அந்தக் குறிப்புக்கும், அலமேலுவைச் சேர்த்த நாளின் குறிப்புக்கும் நடுவில் நாலே நாலு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

கத்தி முனை போன்ற ஈறு

ஒன்றாம் வகுப்பில் அவள்தான் உயரம். எழுத்துகளை மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். பஸ் நெற்றியில் உள்ளதைப் பொங்கலுக்கு முன்பே படித்துவிட்டாள்.

நான் அவள் கீழ்ப்பல்லுக்காகக் காத்திருந்தேன். மாதம் ஒருமுறை உதட்டை இழுத்துப் பார்த்து, இன்னும் முளைக்கவில்லை என்று குறித்தேன். பொங்கல் போயிற்று. மேல்வரிசையில் நடுப்பற்கள் ஆடி விழுந்து, ரம்ப விளிம்போடு அகலமான புதுப்பற்கள் எட்டிப் பார்த்தன. கீழே வெற்றிடம் அப்படியே இருந்தது. கீழேதான் முதலில் வர வேண்டும். அந்த வரிசை மாறியது எனக்கு உறுத்தியது. ஆனாலும் நோட்டை மூடி வைத்தேன்.

பிள்ளைகள் அவளைப் பொக்கை என்று கூப்பிட்டார்கள். அவள் கையால் வாயை மறைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

அந்தக் கோடையில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பல் மருத்துவர் முகாமுக்கு வந்தார். இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தோம். அவர் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்க்கப் பார்க்க, நான் பக்கத்தில் நின்று எழுதினேன்.

அலமேலுவின் வாயில் அவர் கண்ணாடியை உள்ளே வெகுதூரம் கொண்டுபோனார். வயது என்ன என்று கேட்டார். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது என்றேன்.

"இங்க வந்து பாருங்க டீச்சர்" என்றார்.

குனிந்து பார்த்தேன். பால் கடைவாய்ப் பற்களுக்கும் பின்னால், நான்கு மூலையிலும் பெரிய கடைவாய்ப் பற்கள். முழுதாக வளர்ந்து, மென்று மென்று மேடு லேசாகத் தேய்ந்தவை. அது ஆறு வயதில் முளைக்கும் பல், முளைத்து மூன்று வருஷமாவது ஆகியிருக்கும், இந்தப் பெண்ணுக்கு ஒன்பதுக்குக் குறையாது, பத்தும் இருக்கலாம் என்று சொன்னார். மூன்று வருஷம் அவள் உதட்டை இழுத்துப் பார்த்தவள் நான். ஒருமுறைகூட வாயை அகலத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்ததில்லை.

பிறகு கீழே பல் இல்லாத இடத்தை விரலால் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். ஈறு மெலிந்து, கத்தி முனைபோல் இருந்தது. உள்ளே பல் இருந்தால் இப்படி இருக்காதாம்.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். பால்பல்லுக்கு அடியில் நிலைப்பல்லின் மொட்டு இருக்கும். அது வளர்ந்து மேலே வர வர, பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேர் கரைந்த பிறகுதான் பல் ஆடும், விழும். தானாக விழுந்த பால்பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேரே இருக்காது, வெறும் தொப்பிதான். சில பிள்ளைகளுக்குச் சில இடங்களில் மொட்டே உருவாகாது. அப்போது வேர் கரையாது. பால்பல் அங்கேயே நிற்கும், முப்பது வயது வரைக்கும்கூட நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மற்றப் பற்களும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

"இவளுக்கு அந்தப் பால்பல் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "கண்ணு, இது எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார்.

அலமேலு அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தானா வுழுந்துச்சு சார்."

என் கையில் பேனா இருந்தது. வேர் நீளமாக இருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த மரத்தடியில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லவில்லை. சேலத்துக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்தால் உறுதியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஆடாத பல்

அன்று பள்ளி விட்டதும் அவளை வகுப்பறைக்குக் கூப்பிட்டேன். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பயமில்லாமல்தான் சொன்னாள்.

முதல் வருஷம் முழுவதும் நாக்கால் தள்ளியிருக்கிறாள். இரண்டாம் வருஷம் ஆடு மேய்க்கும்போதெல்லாம் விரலால் ஆட்டியிருக்கிறாள். அசையவில்லை. மூன்றாம் வருஷம், மறியலுக்குச் சில நாள் முன்பு, சின்னக் கூழாங்கல்லால் தட்டித் தட்டி ஒரு பல்லை ஆட வைத்துவிட்டாள். கத்தாழை நாரை முறுக்கிப் பல்லில் கட்டி, மறு நுனியை ஆடு கட்டும் முளையில் கட்டி இழுத்திருக்கிறாள். அந்த ஒரு பல்லுக்கு நான்கு நாள் ஆயிற்று. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டாவது பல்லும் அதற்குள் பாதி ஆடிவிட்டிருந்தது.

"அத அப்பாதான் இழுத்துச்சு. அழுதுக்கினே இழுத்துச்சு" என்றாள்.

நான் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் காது சுடுகிற கேள்வி.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அதுவா வுழல டீச்சர். நீங்கதான வுழுந்தா வான்னீங்க?"

குற்றம் சொல்லும் குரலில்லை. கொடுத்த வேலையைச் செய்து முடித்தவள் சொல்வதுபோல் சொன்னாள். அதன் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. துடைப்பானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொன்னதுக்கு வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"அனுப்ப மாட்டேன். ஆனா நீ இத யார்கிட்டயும் சொல்லாத."

தலையை வேகமாக ஆட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது. அவளைக் காப்பாற்றுவதற்காக நான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் அப்படியே நினைக்கவிட்டேன்.

அறைக்குப் போய்ப் பயிற்சி நோட்டை எடுத்தேன். சிவப்புக் கோட்டுக்கு நேர் கீழே, என் கையெழுத்திலேயே அடுத்த வரி இருந்தது: அதே ஆறு வயதில், பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும். எழுதியிருக்கிறேன். அடிக்கோடு போடவில்லை.

பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் மேலே ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படிப் பிழை நேர்ந்தது என்று காரணம் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் நல்லவர், கையெழுத்துப் போட்டிருப்பார். கடிதத்தை எழுதினேன். இரண்டு முறை படியெடுத்தேன். அனுப்பவில்லை. அது இன்னும் அந்த வருஷத்து நாட்குறிப்புக்குள் மடிந்து கிடக்கிறது.

சேலத்துக்கும் கூட்டிப் போகவில்லை. நேரமில்லை என்று அப்போது எழுதியிருக்கிறேன். அதே நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் விடுப்புக் கணக்கு இருக்கிறது. அந்த வருஷம் எனக்கு ஐந்து நாள் தற்செயல் விடுப்பு எடுக்கப்படாமலே வீணாகியிருக்கிறது.

நோட்டில் கோடு போடுவதை நிறுத்தினேன். பல் பார்ப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, மருத்துவர் சொன்னதில் அது அவ்வளவு நம்பகமில்லை என்று தெரிந்தது என்றேன். அவர் மறுபடியும் காதைத் தொடச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றரை வருஷத்தில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அலமேலு என் சைக்கிளுக்குப் பின்னால் பள்ளிக் கேட் வரை ஓடிவந்தாள்.

வெள்ளிமலை பஸ்

சென்ற வருஷம் ஒரு வேலையாகக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். மாவட்டத் தலைநகர் ஆன பிறகு பேருந்து நிலையத்தில் கூட்டம் ஜாஸ்தி. நிழல் தேடி நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பல்லு டீச்சர்தான?"

அந்தப் பெயரைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரும்பினேன். நாற்பது தாண்டிய பெண், தோளில் ஒரு பை, கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அடையாளம் தெரிந்தது.

மலையில் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறாளாம். பத்தாவது வரை படித்திருக்கிறாள். வெள்ளையன் இறந்து ஆறு வருஷம் ஆயிற்று என்றாள். பேசும்போது முந்தானை விலகியது. கீழ்வரிசையில் இரண்டு பக்கத்துப் பற்களும் நடுவே சாய்ந்திருந்தன. சாய்ந்தும் இடம் மூடவில்லை.

நான் பார்வையைத் திருப்பினேன். திரும்பிய இடத்தில் சிறுமியின் வாய் இருந்தது. ஒன்பது வயது இருக்கும். கீழே, பெரிய பற்களுக்கு நடுவில், சாமை அரிசி போல இரண்டு சின்னப் பற்கள்.

அலமேலு என் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டாள்.

"இவளுக்கும் அதே மாதிரிதான் டீச்சர். அடியில ஒண்ணும் இல்லியாம். இத வுழாம காபந்து பண்ணுன்னாரு டாக்டரு. கரும்பு கடிக்க வுடறதே இல்ல."

பையிலிருந்து உறையை எடுத்து எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு சின்னப் பற்கள், வெள்ளையாக. அடியில் இருட்டு. வேர் நீளமாக இருந்தது.

பதிவேட்டில் நான் போட்ட அவள் வயதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, சிரித்தாள்.

"ரெக்கார்டுல மூணு வருசம் கம்மி டீச்சர். எங்கூட வேல செய்யறவங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல். உங்க புண்ணியத்துல எனக்கு மூணு வருசம் சர்வீசு ஜாஸ்தி."

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. சிறுமி அதன் நெற்றியைப் பார்த்து "வெள்ளிமலை" என்று உரக்கப் படித்தாள். எல்லோரும் முண்டியடித்தார்கள். அலமேலு மகளை முதலில் ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தவள் சட்டென்று இறங்கி வந்து என் காதருகே குனிந்தாள்.

"நான் இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல டீச்சர். இவ அப்பாகிட்டகூட."

பஸ் போய்விட்டது. என் ஊர்ப் பஸ் இரண்டு வந்து போயின. நான் ஏறவில்லை.

அங்கன்வாடி மூலமாக அவள் தொலைபேசி எண்ணை வாங்கி, போன மாதம் பேசினேன். அந்தப் பல் விஷயத்தைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றேன். பேருந்து நிலையத்தில் வாய் வரை வந்து நின்றதையும் சொன்னேன். பின்னணியில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. யாரையோ உட்காரச் சொன்னாள்.

"என் பேரு வருமா டீச்சர்?"

"வராது. உன் பேரையும் உங்கப்பா பேரையும் மாத்திப் போடறேன்."

"உங்க பேரு?"

"என் பேரு தலைப்புக்குக் கீழயே வரும்."

"அப்ப சரி" என்றாள்.